ஹெண்டர்சன் தவளைகள்: சார்ட்டர் பள்ளித் துறையில் ஒற்றைப் பள்ளியின் இடம்

1995 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹெண்டர்சன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒரு பண்ணைக் குளத்தங்கரையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆசிரியையுடன் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த தவளைக்குப் பின்னங்கால் ஒன்று இல்லை. தாங்களே ஒடித்துவிட்டோமோ என்று முதலில் பயந்தார்கள். அடுத்ததைப் பிடித்தால் அதற்கும் கால் கோணல். அன்று பிடித்த தவளைகளில் ஏறக்குறைய பாதிக்கு இப்படி ஏதாவது ஒரு குறை: கால் இல்லை, கால் கூடுதல், கால் வளைந்து ஒட்டிக்கிடந்தது.

வேறொரு பள்ளியாக இருந்தால் இது வீட்டில் சொல்லிச் சிரிக்கும் கதையாக முடிந்திருக்கும். இந்தப் பிள்ளைகள் மறுபடி குளத்துக்குப் போனார்கள், எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமைக்குத் தகவல் சொன்னார்கள், பார்த்ததை இணையத்திலும் போட்டார்கள். 1995இல் ஒரு கிராமத்துப் பள்ளி இணையத்தில் எதையாவது போட்டது என்பதே சின்னச் செய்திதான். அடுத்த ஆண்டுக்குள் மினசோட்டாவின் 87 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) பாதிக்கும் மேற்பட்டவற்றிலிருந்து இதே மாதிரித் தவளைகளைப் பற்றிய புகார்கள் வந்து குவிந்தன. விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பூச்சிமருந்தா, புற ஊதாக் கதிரா, ஒட்டுண்ணியா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1999இல் கலிஃபோர்னியாக் குளங்களில் செய்த ஆய்வு ஒன்று, தட்டைப்புழு வகை ஒட்டுண்ணி ஒன்று தவளைகளுக்கு இப்படிக் கால் முளைக்கவைக்கும் என்று காட்டியது. ஆனால் எல்லா இடத்திலும் அதுதான் காரணம் என்று முடித்துவிட முடியவில்லை.

தவளைகளை இங்கேயே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்தப் பள்ளி. மினசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூல் என்பது அதன் பெயர். தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அது ஒரு சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனிக் குழு ஒன்று நடத்தும் பள்ளி. எந்தச் சங்கிலியோடும் சேராத ஒற்றைப் பள்ளி. சார்ட்டர் துறை வளர வளர இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அது முழு வெற்றிக்கதை என்பதால் சொல்லவில்லை. அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதால் சொல்கிறேன்.

சொல் குழப்பம்

சார்ட்டர் பள்ளி என்றதும் நம் வாசகருக்குத் தனியார் பள்ளி நினைவுக்கு வரும். ‘சுதந்திரமான’ என்று அடைமொழி சேர்த்தால் சுயநிதிப் பள்ளி என்றே முடிவு கட்டிவிடுவோம். இரண்டும் இல்லை. சார்ட்டர் பள்ளியில் கட்டணம் கிடையாது. அரசுப் பணத்தில் நடக்கிறது. இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் குலுக்கல்தான். ஆனால் வழக்கமான அரசுப் பள்ளிகளை நடத்தும் மாவட்டக் கல்வி நிர்வாகம் அதை நடத்துவதில்லை. ஒரு தனி நிர்வாகக் குழு, அரசு அங்கீகரித்த ஒரு மேற்பார்வை அமைப்போடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நடத்துகிறது. சொன்னதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பள்ளி மூடப்படும். சார்ட்டர் என்றால் பட்டயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600இல் எலிசபெத் ராணி கொடுத்தாரே, அதே சொல். கம்பெனி கடைசியில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும் என்பதால் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் உதறும். போகட்டும்.

இந்தப் பள்ளிகளுக்குள் இரண்டு இனம். ஒன்று, ஒரே நிறுவனம் பல பள்ளிகளை நடத்தும் சங்கிலி. மற்றது, ஒரு குழு, ஒரு பள்ளி, ஒரு கட்டடம் என்று இருப்பது. அமெரிக்கச் சார்ட்டர் பள்ளிகளில் இன்றும் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் இனம்தான். செய்தியிலும் நன்கொடையிலும் ஆய்வு மேசையிலும் முதல் இனத்துக்குத்தான் நாற்காலி.

ஆசிரியர்களின் யோசனையாகத் தொடங்கியது

தொடக்கத்தில் சங்கிலி என்ற பேச்சே இல்லை. பட்டயம் என்ற எண்ணத்தைக் கல்வித் துறைக்குள் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட். அதை ஊரறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். 1988 மார்ச்சில் வாஷிங்டனில் பத்திரிகையாளர் மன்றத்தில் பேசும்போது, ஒரு பள்ளிக்குள்ளேயே சில ஆசிரியர்கள் சேர்ந்து புதிய முறையில் பாடம் நடத்தத் திட்டம் கொடுத்தால் அவர்களைச் சில ஆண்டுகள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் மினசோட்டாவில் ஒரு கருத்தரங்குக்கு வந்து இதையே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மாநில மேலவை உறுப்பினர் எம்பர் ரைக்காட். 1991இல் நாட்டின் முதல் சார்ட்டர் சட்டத்தை நிறைவேற்ற முன்னின்றவர் அவர்தான்.

அந்தச் சட்டம் ரொம்பக் கறாரானது. மாநிலம் முழுக்க எட்டுப் பள்ளிகள்தான். உள்ளூர் பள்ளி வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அந்தப் பள்ளியின் ஆசிரியர்களாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒரு சங்கத் தலைவர் பரப்பிய யோசனையை மினசோட்டாவின் ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சில ஆண்டுகளில் ஷாங்கரே அதிலிருந்து விலகி விமர்சகராகிவிட்டார்.

1992 செப்டம்பரில் முதல் பள்ளி திறந்தது: செயின்ட் பால் நகரின் சிட்டி அகாடமி. படிப்பை நிறுத்திவிட்டுப் போன பிள்ளைகளுக்காகச் சில ஆசிரியர்கள் சேர்ந்து, நகராட்சியின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் சில பத்துப் பிள்ளைகள்தான். இந்தத் துறையின் முதல் பள்ளியே இப்படி ஒரு ஒற்றைப் பள்ளி.

ஹெண்டர்சனில் என்ன செய்தார்கள்

லெ சூர், ஹெண்டர்சன் இரண்டும் மினசோட்டா ஆற்றங்கரை ஊர்கள். லெ சூரில்தான் கிரீன் ஜயன்ட் என்ற டின் பட்டாணிக் கம்பெனி பிறந்தது. சுற்றிலும் சோளமும் சோயாவும். இந்த வட்டாரத்தில் சில ஆசிரியர்களும் பெற்றோர்களும், கிராமக் கல்வி பற்றி வேலை செய்துவந்த டக் தாமஸ் போன்றவர்களும் சேர்ந்து 1994இல் பள்ளியைத் திறந்தார்கள். முதலில் லெ சூரின் கடைவீதியில் காலியாகக் கிடந்த கடைகளில் நடந்தது. பிறகு ஹெண்டர்சனில் தனிக் கட்டடம். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, நூறு பேர் சொச்சம்.

உள்ளே போனால் பள்ளி மாதிரி இருக்காது. மணி இல்லை. பாடவேளை இல்லை. வகுப்பறைகளுக்குப் பதில் ஒரு பெரிய கூடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு மேசை, ஒரு கணினி. அலுவலகம் போலத் தோன்றும். அது தெரிந்தே செய்தது. இருபதுக்கும் குறைவான பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர். பல வயதுப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருப்பார்கள், பல ஆண்டுகள் ஒரே ஆசிரியரோடு. படிப்பு முழுக்க ப்ராஜெக்ட். பிள்ளை ஒரு கேள்வியோடு வர வேண்டும், அதை எப்படி ஆராய்வது என்று எழுத வேண்டும், மாநிலப் பாடத் தரங்களில் எதையெல்லாம் அது தொடுகிறது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பொருத்திப் பார்க்க வேண்டும். முடிந்ததும் ஒரு குழு முன் விளக்கிச் சொல்ல வேண்டும். சுமார் 100 மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு பத்து. கடைசி ஆண்டில் 300 மணி நேரத்துக்கு ஒரு பெரிய ப்ராஜெக்ட், ஊரார் முன்னிலையில். கணக்குக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். எல்லாவற்றையும் ஆர்வத்தை நம்பி விட முடியாது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தவளைகள் இந்த ஏற்பாட்டில்தான் பிடிபட்டன. பத்து மணிக்கு மணி அடித்து அடுத்த பாடத்துக்குப் போக வேண்டிய பிள்ளைக்குக் குளத்துக்குத் திரும்பிப் போக நேரமில்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பாடமுறை இல்லை, நிர்வாகம். அங்கே தலைமையாசிரியர் கிடையாது. ஆசிரியர்கள் எட்விஷன்ஸ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். பள்ளியின் நிர்வாகக் குழு அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது: கற்பிப்பதும் ஆள் எடுப்பதும் ஆசிரியர் பணத்தைப் பங்கிடுவதும் உங்கள் பொறுப்பு. யாருக்கு என்ன சம்பளம், யாரை வைத்துக்கொள்வது, கணினிக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவர்கள் பாடம் நடத்தியவர்களே. மினசோட்டாவுக்கு இந்த அமைப்பு அந்நியமல்ல. பால் விவசாயிகளின் கூட்டுறவிலிருந்து லேண்ட் ஓ லேக்ஸ் என்ற வெண்ணெய்க் கம்பெனி 1921இல் பிறந்த மாநிலம் அது. ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு தானியக் கூட்டுறவில் உறுப்பினர். விவசாயிக்குப் பழகிய சட்டச் சட்டையை ஆசிரியர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதற்குத்தான் ஒற்றைப் பள்ளி வேண்டும் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியர் இல்லாத பள்ளி என்ற முன்மொழிவு ஒரு சங்கிலியின் தலைமை அலுவலகத்தில் எழுந்திருந்தால், அந்த அலுவலகமே எதற்கு என்ற கேள்வியும் உடனே எழும். எந்த அலுவலகமும் அப்படிக் கேட்டுக்கொள்ளாது.

சங்கிலிகள் எப்படி முன்னுக்கு வந்தன

அதே 1994இல் ஹூஸ்டனில் மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின் என்ற இரண்டு இளம் ஆசிரியர்கள் 47 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதுதான் கிப் (KIPP) என்ற சங்கிலியின் தொடக்கம். அடுத்த ஆண்டு ஹூஸ்டனில் ஒரு பள்ளி, நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு பள்ளி. இரண்டும் நன்றாக நடந்தன. 2000இல் கேப் துணிக்கடை நிறுவனர்களான ஃபிஷர் தம்பதி இதைப் பெருக்க ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தார்கள். இன்று கிப் 270 பள்ளிகளுக்கு மேல் நடத்துகிறது. சங்கிலியின் ஆதியிலும் ஒற்றைப் பள்ளிதான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நன்கொடையாளர் கண்ணோட்டத்தில் யோசித்தால் இது புரியும். நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் பணம் கொடுத்தால் நூறு பிள்ளைகள். ஒரு சங்கிலிக்குக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில். 2005இல் சார்ட்டர் ஸ்கூல் குரோத் ஃபண்ட் உருவானது, சங்கிலிகளை வளர்ப்பதற்கென்றே. மத்திய அரசும் நன்றாக நடக்கும் பள்ளிகளைப் பெருக்க என்று தனி மானியம் கொடுக்கத் தொடங்கியது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, விதிமுறைகளும் கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

மதிப்பெண்ணிலும் சங்கிலிகள் பின்தங்கவில்லை. இதை மழுப்பிவிட்டு ஒற்றைப் பள்ளிகளுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையல்ல. ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, 2014 முதல் 2019 வரையிலான தேர்வுத் தரவுகளை எடுத்து, சார்ட்டர் பிள்ளைகளை அருகிலுள்ள மாவட்டப் பள்ளிகளின் ஒத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டது. சங்கிலிப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு வாசிப்பில் 27 நாள், கணக்கில் 23 நாள் கூடுதலாகக் கற்றதற்குச் சமம் என்றது. ஒற்றைப் பள்ளிகளில் வாசிப்பில் 10 நாள். கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இந்த ‘நாள்’ என்பது மதிப்பெண் வித்தியாசத்தை மாற்றிச் சொல்லும் ஒரு அளவுதான், அதைத் தனியாக எடுத்துக் கொண்டாடவும் வேண்டாம், புலம்பவும் வேண்டாம். எனினும் எண் எண்தான்.

இந்த எண்ணில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சங்கிலிப் பள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அப்படி இருப்பதுதான் அவற்றின் வேலை. ஒற்றைப் பள்ளிகள் என்ற கூடையிலோ மாண்டிசோரி, கலைப் பள்ளி, படிப்பை விட்டவர்களுக்கான பள்ளி, பழங்குடி மொழிப் பள்ளி, ஹெண்டர்சன் மாதிரி மணியே இல்லாத பள்ளி எல்லாம் கிடக்கின்றன. மிக நல்லதும் இருக்கும், மிக மோசமானதும் இருக்கும். கூட்டி வகுத்தால் நடுவில் ஒரு எண் வரும். காய்கறி, மளிகை, துணி எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு சராசரி விலை சொல்வது போலத்தான்.

நூறு பிள்ளைகளின் கணக்கு

ஒற்றைப் பள்ளியின் உண்மையான எதிரி மதிப்பெண்ணும் இல்லை, சங்கிலியும் இல்லை. வகுத்தல் கணக்கு.

மினசோட்டாவில் 2025ஆம் நிதியாண்டில் ஒரு மாணவர் அலகுக்கு மாநிலம் பள்ளிக்குத் தந்த அடிப்படைத் தொகை 7,281 டாலர். ஏழாம் வகுப்பு முதல் ஒரு பிள்ளை 1.2 அலகாகக் கணக்கிடப்படும். பத்துப் பிள்ளைகள் விலகினால் அடிப்படைத் தொகையில் மட்டும் 87,000 டாலருக்கு மேல் போய்விடும். இது ஏறத்தாழ ஒரு ஆசிரியர். 3,000 பிள்ளைகள் உள்ள சங்கிலியில் பத்துப் பேர் என்பது மூன்றில் ஒரு சதவீதம். 110 பேர் உள்ள பள்ளியில் ஒன்பது சதவீதம். ஒரு பண்ணை விற்கப்பட்டு, மூன்று குழந்தைகள் உள்ள குடும்பம் ஊரைவிட்டுப் போனாலே ஹெண்டர்சன் மாதிரி இடத்தில் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

அப்புறம் கட்டடம். மாவட்டப் பள்ளிகள் வாக்காளர்களிடம் கேட்டு சொத்துவரி மூலம் கட்டடம் கட்டலாம். சார்ட்டர் பள்ளிக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. மினசோட்டா அதற்காக வாடகை உதவி தருகிறது: வாடகையில் 90 சதவீதம், அல்லது மாணவர் அலகுக்கு 1,314 டாலர், இரண்டில் எது குறைவோ அது. அதாவது வாடகையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு பாடம் நடத்த வேண்டிய பணத்திலிருந்து போகும். 110 உயர்நிலைப் பிள்ளைகள் என்றால் உதவியின் உச்சவரம்பு சுமார் 1.73 லட்சம் டாலர். கிராமத்தில் தாக்குப்பிடிக்கலாம், மினியாபொலிஸில் அது கஷ்டம். கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் கட்டலாம் என்றால் கடன்காரர்கள் முதலில் பார்ப்பது மாணவர் எண்ணிக்கை. நூறு பேர் உள்ள பள்ளிக்கு வட்டி கூடும், ஆயிரம் பேர் என்றால் குறையும்.

மூன்றாவது, காகிதம். மாநிலத் தரவு அறிக்கை, ஆண்டுத் தணிக்கை, சிறப்புக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம், மதிய உணவு, போக்குவரத்து, ஆசிரியர் உரிமச் சரிபார்ப்பு, மேற்பார்வை அமைப்புக்கு ஆண்டு அறிக்கை. பள்ளி பெரிதோ சிறிதோ படிவத்தின் நீளம் ஒன்றுதான். சங்கிலியில் இதற்கு ஒரு துறை இருக்கும். ஒற்றைப் பள்ளியில் இதைச் செய்பவரே மதியம் கணக்குப் பாடமும் எடுப்பார்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 2008இல் மினசோட்டா சட்டமன்றத்தின் தணிக்கை அலுவலகம் சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்து, மேற்பார்வையில் யாருக்கு என்ன பொறுப்பு என்றே தெளிவில்லை என்று சுட்டிக்காட்டியது. சிறிய பள்ளிகள் பணச் சிக்கலில் மூழ்கியபோது யாரும் பார்க்கவில்லை என்ற புகாரில் உண்மை இருந்தது. நாலு நண்பர்கள் சேர்ந்த நிர்வாகக் குழு, கணக்குத் தெரியாத பொருளாளர், நடுக் கல்வியாண்டில் மூடல், பிள்ளைகள் தெருவில் என்ற கதை இந்தத் துறையில் நடக்காததல்ல. அதனால் 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. மேற்பார்வை அமைப்புகள் எல்லாம் மாநிலக் கல்வித் துறையிடம் மறுபடி அனுமதி பெற வேண்டும் என்றானது. ஒன்றிரண்டு பள்ளிகளை மட்டும் பார்த்துவந்த கல்லூரிகளும் மாவட்டங்களும் தொண்டு நிறுவனங்களும் இவ்வளவு வேலை நமக்கெதற்கு என்று விலகிக்கொண்டன. அவற்றின் கீழிருந்த பள்ளிகள் புது மேற்பார்வையாளரைத் தேடி அலைந்தன. தேவையான சட்டம்தான். அதன் பாரம் மட்டும் சிறியவர்கள் முதுகில் கூடுதலாக இறங்கியது.

நகல் எடுக்கப் போனபோது

நியூ கன்ட்ரியின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2000ஆம் ஆண்டு. கேட்ஸ் அறக்கட்டளை அப்போது அமெரிக்கா முழுக்கச் சின்ன உயர்நிலைப் பள்ளிகளை உருவாக்குவதில் ஆர்வமாக இருந்தது. ஹெண்டர்சனைப் பார்த்துவிட்டு, இது மாதிரி இன்னும் பள்ளிகளைத் தொடங்குங்கள் என்று எட்விஷன்ஸுக்கு 40 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தது. கிப்புக்கு ஃபிஷர் பணம் கிடைத்த அதே ஆண்டு. ஒரே நேரத்தில் இரண்டு ஒற்றைப் பள்ளிகளை நகல் எடுக்க முயன்றார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிப் நகலானது. நியூ கன்ட்ரி ஆகவில்லை, குறைந்தது அதே பொருளில் ஆகவில்லை. எட்விஷன்ஸ் பல பள்ளிகளுக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தது. சில இன்றும் நடக்கின்றன. 2001இல் செயின்ட் பாலில் திறந்த அவலான் அவற்றில் ஒன்று, அதுவும் ஆசிரியர்களே நடத்தும் பள்ளி. சில மூடிவிட்டன. நின்றவையும் ஹெண்டர்சனின் பிரதிகளாக இல்லை. அவலான் நகரத்துப் பள்ளி, தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி வகுப்புகளையும் ப்ராஜெக்டையும் கலந்து தனக்கென ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டது. கொஞ்சம் யோசித்தால் அப்படித்தான் இருக்க முடியும். ஆசிரியர்களே முடிவெடுக்க வேண்டும் என்பது ஒரு மாதிரியின் உயிர்நாடி என்றால், புதுப் பள்ளியின் ஆசிரியர்கள் வேறு முடிவு எடுப்பார்கள். அதைத் தடுத்தால் மாதிரி செத்துவிடும். தடுக்காவிட்டால் நகல் இல்லை.

2008 வாக்கில் கேட்ஸ் அறக்கட்டளை சின்னப் பள்ளித் திட்டத்திலிருந்து நகர்ந்துவிட்டது. எதிர்பார்த்த அளவு மதிப்பெண் ஏறவில்லை என்பது காரணங்களில் ஒன்று. காலமும் மாறியிருந்தது. 2002இல் வந்த மத்தியச் சட்டம் ஆண்டுதோறும் தேர்வு வைக்கச் சொன்னது. பிள்ளைகள் செய்து காட்டியதை மதிப்பிடும் முறையை 1990களின் கடைசியில் கொண்டுவந்த மினசோட்டா, 2003இல் அதை ரத்து செய்தது. ப்ராஜெக்ட் பள்ளிக்குத் தோதாக இருந்த மண் கண்முன்னே நழுவியது. ஆனாலும் 2006இல் மத்தியக் கல்வித் துறை முன்மாதிரி சார்ட்டர் உயர்நிலைப் பள்ளிகள் என்று சிலவற்றை எடுத்து எழுதியபோது, அந்தப் பட்டியலில் ஹெண்டர்சனும் இருந்தது. ஒரு கை தள்ளியது, மறு கை பாராட்டுப் பத்திரம் நீட்டியது.

பெருக்க முடியாதது தோற்றது என்று துறை எடுத்துக்கொண்டது. எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. எத்தனை பிரதி எடுக்க முடியும் என்பது ஒரு பொருளுக்கான அளவுகோல். ஒற்றைப் பள்ளியை அதைக்கொண்டு அளந்தால் பூஜ்யம்தான் வரும். அதன் யோசனைகள் வேறு விதமாகத்தான் பரவுகின்றன. தலைமையாசிரியர் இல்லாமல் பள்ளி நடத்தலாம் என்று அங்கே செய்து காட்டிய பிறகு, அதைப் பேசுவது மற்ற ஊர்களிலும் மாவட்டப் பள்ளிகளிலும் சாத்தியமானது. பிள்ளைகளுக்குத் தங்கள் எதிர்காலத்தின்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது, இது நம் இடம் என்ற உணர்வு இருக்கிறதா என்று அளக்கும் ஒரு கணக்கெடுப்பை எட்விஷன்ஸ்காரர்கள் உருவாக்கினார்கள். தேர்வு அளக்காததை அளக்க முயன்றார்கள். யாரும் அதைச் சங்கிலியாக்கவில்லை, ஆனால் பலரும் எடுத்துப் பார்த்தார்கள்.

என்ன செய்யலாம்

ஒற்றைப் பள்ளிகளுக்குச் சலுகை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மோசமான பள்ளி சின்னதாக இருப்பதால் நல்லதாகிவிடாது. ஆனால் படிவத்தின் நீளத்தை மாற்றலாம். ஐந்து ஆண்டுகள் கணக்கு சுத்தமாக இருந்து, பிள்ளைகளும் தங்கியிருக்கும் பள்ளியிடம் ஆண்டுதோறும் அதே கட்டு காகிதத்தைக் கேட்க வேண்டியதில்லை. சிறப்புக் கல்வி, சம்பளப் பட்டியல், தணிக்கைத் தயாரிப்பு போன்றவற்றைப் பல ஒற்றைப் பள்ளிகள் கூட்டாகச் செய்துகொள்ள மாநிலங்கள் பணம் ஒதுக்கலாம். கூட்டுறவு என்ற சொல்லை மினசோட்டாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஒற்றைப் பள்ளிகளுக்கென்று தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பும் இப்போது இருக்கிறது. பெரிய சங்கிலிகள் பேசும் இடத்தில் இவர்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதுதான் அதன் கோரிக்கை. மானியங்களில் ‘பெருக்குவதற்கு’ என்ற கணக்குக்கு வெளியே, நிலைத்து நடப்பதற்கென்று ஒரு சிறு பங்கு வைப்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மேற்பார்வை அமைப்புகள் மதிப்பெண்ணையும் நிதிநிலையையும் கேட்கட்டும். கூடவே இன்னொரு கேள்வியையும் படிவத்தில் சேர்க்கச் சொல்வேன்: இந்தப் பள்ளி நாளைக்கு மூடினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பெருநகரத்தில் ஒரு சங்கிலிப் பள்ளி மூடினால் நாலு தெரு தள்ளி அதே சீருடையில் இன்னொன்று இருக்கக்கூடும். ஹெண்டர்சனில் அப்படி இல்லை. மஞ்சள் பேருந்து ஏறி மாவட்டப் பள்ளிக்குப் போவார்கள். அவர்களில் பலர் அங்கே ஒட்டாமல்தான் இங்கே வந்தார்கள்.